எஸ்க்யூஎல்லா சீக்வலா, கிஃப்பா ஜிஃப்பா: கணினிச் சுருக்கப்பெயர்களின் உச்சரிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே பெயரை ஏன் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்?

ஒரு சுருக்கப்பெயரை எழுத ஒரே வழிதான் உண்டு. படிக்க மூன்று வழிகள் உண்டு. எழுத்தெழுத்தாகப் படிக்கலாம்: எச்டிஎம்எல், சிபியு, டிஎன்எஸ். ஒரே சொல்லாகச் சேர்த்துப் படிக்கலாம்: ரேம், லேன், பயாஸ். பாதியை எழுத்தாகவும் மீதியைச் சொல்லாகவும் படிக்கலாம்: ஜேபெக், சிமாஸ், எம்எஸ்-டாஸ்.

எந்த வழி என்பதைப் பெரும்பாலும் உயிரெழுத்துகளே முடிவு செய்கின்றன. ரேம் என்ற பெயரின் நடுவில் ஏ இருக்கிறது, வாய் தானாகச் சேர்த்துவிடுகிறது. எச்டிஎம்எல்லில் உயிரெழுத்தே கிடையாது, சேர்த்துப் படிக்க முயன்றாலும் முடியாது. இந்த இரண்டிலும் யாரும் சண்டை போடுவதில்லை.

தகராறு வருவதெல்லாம் நடுவில் நிற்கும் பெயர்களில்தான். ஒன்று, உயிரெழுத்து இல்லாத இடத்தில் மக்கள் தாங்களாகவே ஒன்றைச் செருகிக்கொள்வது. தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல் ‘சீக்வல்’ ஆவதும், பட வடிவமான பிஎன்ஜி ‘பிங்’ ஆவதும் இப்படித்தான். இன்னொன்று, உயிரெழுத்து இருந்தும் பக்கத்திலுள்ள மெய்க்கு இரண்டு ஒலிகள் இருப்பது. கிஃப் என்ற பட வடிவத்தின் விவகாரம் அந்த வகை.

எஸ்க்யூஎல் சரியா, சீக்வல் சரியா?

இரண்டுக்கும் வலுவான ஆதாரம் உண்டு. அதனால்தான் இந்த வழக்கு ஓய்வதே இல்லை. வரலாற்றைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

1970இல் ஐபிஎம்மின் எட்கர் காட், தரவை அட்டவணைகளாக வைக்கும் உறவுமுறைத் தரவு மாதிரியை முன்வைத்தார். அந்த மாதிரியின்படி தரவைக் கேட்டுப் பெற ஒரு மொழியை, அதே நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் வடிவமைத்தார்கள். 1974இல் அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தபோது மொழியின் பெயர் ‘ஸ்ட்ரக்சர்டு இங்கிலீஷ் க்வெரி லாங்குவேஜ்’. அதன் சுருக்கம் ஆறு எழுத்துகளில் எழுதப்பட்டது: எஸ், ஈ, க்யூ, யூ, ஈ, எல். படித்தால் ‘சீக்வல்’. பெயரே அப்படி ஒலிக்க வேண்டும் என்றுதான் வைக்கப்பட்டது.

பிறகு அந்தப் பெயர் பிரிட்டனின் ஹாக்கர் சிட்லி விமான நிறுவனக் குழுமத்தின் வணிகக்குறி என்று தெரியவந்தது. மாற்ற வேண்டியதாயிற்று. ஆறு எழுத்துகளில் மூன்று உயிரெழுத்துகளையும் எடுத்துவிட்டால் எஸ், க்யூ, எல் மிஞ்சும். எழுத்து மாறியது, சொல்லிப் பழகிய நாக்குகள் மாறவில்லை. ஆகவே ‘சீக்வல்’ என்பது பின்னால் வந்த கொச்சை வழக்கு என்று சொல்வது தவறு. அதுதான் பழைய பெயர்.

மறுபக்கம், 1986இல் அமெரிக்கத் தர நிறுவனமும் 1987இல் பன்னாட்டுத் தர நிறுவனமும் இந்த மொழியைத் தரமாக ஏற்றபோது ஏற்ற பெயர் மூன்றெழுத்துப் பெயர்தான். தரத்தின் வழியில் நிற்பவர்கள் எழுத்தெழுத்தாகச் சொல்கிறார்கள். ‘சீக்வல்’ பழைய பெயர், ‘எஸ்க்யூஎல்’ இன்றைய பெயர். இரண்டில் எதைச் சொன்னாலும் பிழையில்லை.

நடைமுறையில் ஒரு போக்கைக் காணலாம். மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர், ஆரக்கிள் ஆகிய தரவுத்தள மென்பொருள்களோடு வேலை செய்பவர்களிடம் ‘சீக்வல்’ அதிகம் புழங்குகிறது. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் பக்கம் எழுத்துகளாகச் சொல்வது அதிகம். வேலை மாறும்போது உச்சரிப்பும் மாறினால் யாரும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

அப்படியானால் மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ்க்யூஎல், எஸ்க்யூலைட் ஆகியவற்றை எப்படிச் சொல்வது?

இவை மூன்றும் எஸ்க்யூஎல்லைப் பயன்படுத்தும் தரவுத்தள மென்பொருள்களின் தனித்தனிப் பெயர்கள். மூலப் பெயருக்கு நீங்கள் வைத்திருக்கும் விதியை இவற்றின் மேல் அப்படியே சுமத்தக் கூடாது.

மைஎஸ்க்யூஎல்லின் கையேடு எழுத்துகளாகச் சொல்வதையே முறையான உச்சரிப்பு என்கிறது; ‘மை சீக்வல்’ என்றாலும் வேறு வட்டார வழக்கில் சொன்னாலும் தங்களுக்கு மறுப்பில்லை என்று கையோடு சேர்த்தும் விடுகிறது. முன்னால் உள்ள ‘மை’, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மாண்டி விடேனியஸின் மகள் பெயர். ‘என்னுடைய’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாக அதைப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் ஒரு எஸ் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. போஸ்ட்கிரெஸ் என்ற பழைய பெயரின் கடைசி எழுத்தும் அதுதான், எஸ்க்யூஎல்லின் முதலெழுத்தும் அதுதான். எனவே ‘போஸ்ட்-கிரெஸ்-க்யூ-எல்’. ‘போஸ்ட்கிரே சீக்வல்’ என்று வெட்டினால் மூலப் பெயரே உடைந்துபோகிறது. ‘போஸ்ட்கிரே’ என்று ஒரு மென்பொருள் இருந்ததே இல்லை. முழுப்பெயர் நாக்கில் இடறினால் ‘போஸ்ட்கிரெஸ்’ என்று நிறுத்திக்கொள்ளலாம். திட்டக்குழுவே அந்தக் குறும்பெயரை ஏற்கிறது.

எஸ்க்யூலைட்டில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒரே ஒரு எல்தான் இருக்கிறது. அதை எழுதிய ரிச்சர்ட் ஹிப், ‘எஸ்-க்யூ-எல்-ஐட்’ என்று சொல்கிறார். கிராஃபைட், டோலமைட் போன்ற கனிமப் பெயர்களின் முடிவு அது. மற்றவர்கள் எப்படிச் சொன்னாலும் சரி என்பதும் அவர் வாக்கே. ‘எஸ்க்யூ-லைட்’ என்பது அதை ‘இலேசானது’ என்ற பொருளில் பிரித்துக்கொண்டதால் வந்தது; இன்று எங்கும் புரியும்.

கிஃப்பா, ஜிஃப்பா? இதற்கு முடிவே கிடையாதா?

1987இல் காம்ப்யூசர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட் தலைமையிலான குழு இந்தப் பட வடிவத்தை உருவாக்கியது. வில்ஹைட் தொடக்கம் முதலே ‘ஜிஃப்’ என்றுதான் சொன்னார். 2013இல் இணையத் துறைக்கான வெபி வாழ்நாள் சாதனை விருதைப் பெற்றார். ஏற்புரைக்கு ஐந்தே சொற்கள் என்பது அந்த விழாவின் மரபு. அந்த ஐந்து சொற்களையும் இதற்கே செலவிட்டார். ‘ஜிஃப்’ என்றே உச்சரிக்க வேண்டும், ‘கிஃப்’ அல்ல என்று திரையில் எழுதிக் காட்டினார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இரண்டையும் ஏற்பதைப் பற்றிக் கேட்டபோது, அகராதி தவறு என்று அடித்துச் சொன்னார். அவர் 2022இல் மறைந்தார். அகராதி இன்றும் இரண்டையும் தருகிறது.

‘கிஃப்’ தரப்பு வைக்கும் பெரிய வாதம்: முதலெழுத்து ‘கிராஃபிக்ஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது, அதில் இருப்பது வல்லொலி, எனவே சுருக்கத்திலும் அதுவே வர வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த விதி வேறெங்கும் செல்லுபடியாகவில்லை. ஜேபெக்கில் உள்ள பி ‘ஃபோட்டோகிராஃபிக்’ என்பதன் முதலெழுத்து. விதிப்படி பார்த்தால் ‘ஜேஃபெக்’ என்று சொல்ல வேண்டும், யாரும் சொல்வதில்லை. ‘கூயி’ என்று சொல்லப்படும் வரைகலை இடைமுகத்தின் நடு எழுத்து ‘யூசர்’ என்பதிலிருந்து வந்தது. உச்சரிப்பில் ‘யூ’ இல்லை, ‘ஊ’தான். சுருக்கப்பெயர் உருவானதும் அது தனிச்சொல். தாய்ச்சொற்களின் ஒலியைச் சுமக்க வேண்டிய கடமை அதற்கு இல்லை.

‘ஜிஃப்’ தரப்பின் எழுத்து விதியும் அப்படித்தான். இ, ஈ ஒலிகளுக்கு முன் ஜி என்ற ஆங்கில எழுத்து மெல்லொலி பெறும் என்பார்கள். ஜின், ஜிஞ்சர், ஜிராஃப் என்று எடுத்துக்காட்டும் தருவார்கள். அதே இடத்தில் கிஃப்ட், கிவ், கில்ட் என்று எதிர்த்தரப்பும் அடுக்கும். ஆங்கில எழுத்துமுறை இதில் எந்தப் பக்கமும் சாயவில்லை. அகராதி இரண்டையும் ஏற்றதற்குக் காரணம் சோம்பல் அல்ல. இரண்டும் உண்மையிலேயே வழக்கில் இருக்கின்றன.

எங்கள் தீர்ப்பு வேண்டுமென்றால்: மற்றவர்கள் சொல்வதைத் திருத்த வேண்டாம். தமிழில் எழுதுபவருக்கு மட்டும் இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. அது கீழே தனிக் கேள்வியாக வருகிறது.

உருவாக்கியவர் சொல்வதே இறுதி என்று வைத்துக்கொண்டால் என்ன?

வைத்துக்கொண்டால் முதலில் உங்களுக்கே கஷ்டம். பிஎன்ஜியின் விவரக்குறிப்பு அதை ‘பிங்’ என்று உச்சரிக்க வேண்டும் என்று எழுத்திலேயே சொல்கிறது. அந்த வடிவம் பிறந்த கதையும் கிஃப்போடு தொடர்புடையது: கிஃப்பில் கோப்பின் அளவைக் குறைக்கப் பயன்படும் எல்இசட்டபிள்யூ முறைக்கான காப்புரிமையை 1994 இறுதியில் யூனிசிஸ் நிறுவனம் முன்னிறுத்தியதும், மாற்று வடிவம் வேண்டும் என்று பலர் கூடி உழைத்தார்கள். 1996இல் அது வலைத் தரங்களை வகுக்கும் இணையக் கூட்டமைப்பின் பரிந்துரையானது. பெயர்ச் சண்டை இதற்கும் வந்துவிடக் கூடாது என்று உச்சரிப்பையும் எழுதிவைத்தார்கள். ஆனாலும் பெரும்பாலோர் ‘பிஎன்ஜி’ என்றே சொல்கிறார்கள்.

நாங்களும் ‘பிஎன்ஜி’ என்று சொல்வதையே பரிந்துரைக்கிறோம். காரணம், ‘பிங்’ என்ற பெயர் ஏற்கெனவே வேறொன்றுக்கு உரியது. ஒரு கணினி வலையில் பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளையை மைக் மூஸ் 1983இல் எழுதினார். அதன் பெயர் பிங். ‘சர்வருக்கு ஒரு பிங் அனுப்பு’ என்றால் வலைச்சோதனையா, படக்கோப்பா? கேட்பவர் ஒரு நொடி தயங்கினாலே அந்த உச்சரிப்பு தன் வேலையைச் செய்யவில்லை.

எந்த உச்சரிப்பையும் நாங்கள் சோதித்துப் பார்ப்பது இப்படித்தான்: காதால் மட்டும் கேட்ட ஒருவர், அந்தப் பெயரைச் சரியான எழுத்துகளில் தட்டச்சு செய்ய முடிகிறதா? முடிந்தால் நல்ல உச்சரிப்பு. உருவாக்கியவர் சொல், அகராதி, எழுத்து விதி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஜேசன், யேமல் ஆகியவற்றுக்கு?

ஜேசன் தரவு வடிவத்தைப் பரப்பிய டக்ளஸ் கிராக்ஃபோர்டு ‘ஜேசன்’ என்று மனிதர் பெயர் போலவே சொல்வார். இது பற்றிய விவாதத்தில் தமக்கு அக்கறை இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். எக்மா நிறுவனத்தின் 404ஆம் தரமும் கிரேக்கக் கதைநாயகன் ஜேசனின் பெயர் போல என்றே குறிப்பிடுகிறது. ஆங்கிலத்தில் பலர் கடைசி அசையை அழுத்தி ‘ஜேசான்’ என்கிறார்கள். மனிதர் பெயரோடு குழம்பக் கூடாது என்பதற்கு அது உதவுகிறது. குழுவில் ஜேசன் என்ற பெயரில் ஒருவர் இருந்தால் ‘ஜேசான்’ நல்ல தேர்வு.

தரவை எழுதும் இன்னொரு வடிவமான யேமல், ஒட்டகத்துக்கான ஆங்கிலச் சொல்லோடு எதுகை பெறும் என்று அதன் விவரக்குறிப்பே சொல்கிறது. ‘ஒய்ஏஎம்எல்’ என்று நான்கெழுத்தாகச் சொன்னாலும் புரியும். ஆனால் எக்ஸ்எம்எல்லோடு சேர்த்து வேகமாகப் பேசும்போது இரண்டும் ‘எம்எல்’ என்று முடிந்து காதில் கலந்துவிடும். இங்கே சொல்லாகச் சொல்வதே தெளிவு.

தமிழில் எழுதும்போது, பேசும்போது என்ன சிக்கல் வரும்?

ஆங்கிலத்தில் நடக்கும் விவாதத்தை அப்படியே தமிழுக்குள் கொண்டுவந்தால் பாதிதான் பொருந்தும். நம் எழுத்தும் புணர்ச்சியும் இதில் தனியாக ஒரு வேலை செய்கின்றன.

முதலில் எழுத்து. கிஃப் என்று எழுதினால் முதலில் வரும் ககரத்தை அதிர்வில்லாத ஒலியாகவே படிப்பது தமிழ் இயல்பு, ‘கிளி’ என்பதில் படிப்பது போல. ஆங்கிலத்தில் அந்தத் தரப்பு விரும்பும் அதிரொலியைக் காட்ட நம்மிடம் தனி எழுத்து இல்லை. ‘கிஃப்ட்’ என்ற சொல்லை நாம் சரியாகப் படிப்பது எழுத்தைப் பார்த்து அல்ல, முன்பே காதில் கேட்டதால்தான். ‘ஜிஃப்’ என்று எழுதினால் இந்தத் தடுமாற்றம் இல்லை. போதாததற்கு, அந்த ஆங்கில எழுத்தின் பெயரையே நாம் ‘ஜி’ என்றுதான் சொல்கிறோம். இதெல்லாம் ‘ஜிஃப்’ பக்கம் இழுக்கும் காரணங்கள். எதிர்ப்பக்கம், தமிழில் கணினி பற்றிப் பேசுபவர்களிடம் ‘கிஃப்’ பரவலாகப் பழகியிருக்கிறது. ஒரு கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே எழுதுங்கள். இரண்டும் மாறிமாறி வந்தால் தேடுபவருக்கு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும்.

இரண்டாவது, வேறு சொல்லோடு மோதல். இது ஆங்கிலத்தில் இல்லாத இடங்களிலும் நமக்கு வருகிறது. விரிபரப்பு வலையமைப்பைச் சொல்லாகப் படித்தால் ‘வேன்’. நாலு சக்கர வேனும் அதேதான். ஆங்கிலத்தில் முதலெழுத்தின் ஒலி வேறு, தமிழில் இரண்டுக்கும் வகரம் ஒன்றே. கணினிவழி வரைவு மென்பொருளைச் சொல்லாகப் படித்தால் ‘கேட்’. வாசல் கேட்டும் அப்படித்தான் எழுதப்படுகிறது. பேச்சில் சூழல் காப்பாற்றிவிடும். எழுத்தில், குறிப்பாகத் தலைப்பில், ‘வேன் இணைப்பு’ என்று மொட்டையாக எழுதாமல் ‘விரிபரப்பு வலை’ என்று ஒருமுறை விரித்துச் சொல்லிவிடுங்கள்.

ரேம், ரோம் இரண்டையும் அருகில் வைத்துப் பாருங்கள். ரேமை ஆங்கில எழுத்துப்படி ஒலிபெயர்த்தால் ‘ராம்’. ரோமை அமெரிக்க உச்சரிப்புப்படி ஒலிபெயர்த்தாலும் ‘ராம்’. நினைவகத்தின் இரண்டு எதிரெதிர் வகைகளுக்கு ஒரே எழுத்துக்கூட்டல் வந்து நிற்கும். தமிழில் நிலைத்துவிட்ட ‘ரேம்’, ‘ரோம்’ என்ற வடிவங்கள் இந்த விபத்தைத் தவிர்க்கின்றன. ‘ஆங்கிலத்தில் ரோம் என்று சொல்ல மாட்டார்கள்’ என்று திருத்த வருபவரிடம் இதைச் சொல்லுங்கள். அந்த ஓ வந்தது ‘ஓன்லி’ என்ற சொல்லிலிருந்து என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

மூன்றாவது, வேற்றுமை உருபு. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டும் என்பது நமக்குப் பள்ளிப்பாடம்: கல், கல்லை. எழுத்துகளாகச் சொல்லும்போது கடைசி ‘எல்’ தனிச்சொல் போல நிற்கிறது. எனவே எஸ்க்யூஎல்லை, எச்டிஎம்எல்லில், யூஆர்எல்லுக்கு. சொல்லாகச் சேர்த்துவிட்டால் அது தனிக்குறில் அல்ல. எனவே சீக்வலை, சீக்வலில். ‘எஸ்க்யூஎலை’ என்று எழுதினால் வாய்விட்டுப் படிக்கும்போது இடறும். எந்த உச்சரிப்பை மனத்தில் வைத்து ஒருவர் எழுதுகிறார் என்பதை இந்த ஒரு ‘ல்’ காட்டிக்கொடுத்துவிடும்.

நான்காவது, ‘ஒரு’ அல்லது ‘ஓர்’. உயிரெழுத்தின் முன் ஓர், மெய்யின் முன் ஒரு என்று பார்ப்பவரானால் ‘ஓர் எஸ்க்யூஎல் வினவல்’, ‘ஒரு சீக்வல் வினவல்’ என்று எழுத வேண்டும். ஆங்கிலத்தில் பெயருக்கு முன் வரும் ஏ, ஆன் என்ற சுட்டுச்சொல்லுக்கும் இதே சிக்கல்தான். அங்கும் எழுத்தைப் பார்த்து அல்ல, ஒலியைப் பார்த்தே தேர்வு. ஆங்கில ஆவணம் ஒன்றைத் திருத்துகிறீர்கள் என்றால் இரண்டு வடிவங்களையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். இரண்டுமே இருந்தால் எழுதியவர்கள் உச்சரிப்பில் ஒத்துப்போகவில்லை என்று பொருள்.

ஸ்கஸி, கூயி, சாட்டா: இவற்றில் எது நிலைத்தது?

ஸ்கஸி நிலைத்தது. வட்டு போன்ற கருவிகளைக் கணினியோடு இணைக்கும் அந்த முறை ஷூகார்ட் நிறுவனத்தின் ‘ஸாஸி’யிலிருந்து வளர்ந்து 1986இல் அமெரிக்கத் தரமானது. இனிமையாக ஒலிக்கும் வேறொரு உச்சரிப்பை அதன் முன்னோடிகளில் ஒருவர் விரும்பினார், ‘ஸ்கஸி’தான் வென்றது. எஸ்சிஎஸ்ஐ என்று எழுத்தெழுத்தாகச் சொன்னால் தவறில்லை, ஆனால் துறைக்குப் புதியவர் என்று கேட்பவர் நினைக்கக்கூடும்.

கூயி ஆங்கிலத்தில் நிலைத்தது. தமிழ்ப் பேச்சில் ‘ஜியூஐ’ என்பதே எளிதில் பிடிபடும். வட்டுகளை இணைக்கும் இன்னொரு முறையான சாட்டாவை ‘சேட்டா’ என்றும் சொல்கிறார்கள். இரண்டும் புரியும், இதில் நேரம் செலவிடத் தேவையில்லை.

இணைய முகவரியை ‘யூஆர்எல்’ என்பதா, ‘எர்ல்’ என்பதா?

யூஆர்எல். ‘எர்ல்’ ஆங்கிலத்திலேயே சிறுபான்மை. தமிழில் சொன்னால் புரியாது.

இவை சுருக்கப்பெயர்தானா: லினக்ஸ், க்னூ, லாடெக்?

லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் பெயர் சுருக்கப்பெயர் அல்ல. அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் பெயரிலிருந்து வந்தது. அவரே தம் குரலில் உச்சரித்துப் பதிவு செய்த ஒலிக்கோப்பு உண்டு. தமிழில் வழங்கும் ‘லினக்ஸ்’ அதற்குப் போதுமான அளவு நெருக்கம். ‘லைனக்ஸ்’ தேவையில்லை.

கட்டற்ற மென்பொருள் திட்டமான க்னூவின் பெயர் சுருக்கப்பெயர்தான். விரித்தால் ‘க்னூ யூனிக்ஸ் அல்ல’ என்று தன்னையே மறுபடி சொல்லும் பெயர் (யூனிக்ஸ் ஒரு பழைய இயங்குதளம்). ரிச்சர்ட் ஸ்டால்மன் அந்தத் திட்டத்தை 1983இல் அறிவித்தார். ககரத்தை விழுங்காமல், ஒரே அசையாகச் சொல்ல வேண்டும் என்பது திட்டத்தின் குறிப்பு. மெய்ம்மயக்கத்தோடு சொல் தொடங்குவது நம் நாக்குக்குப் பழக்கமில்லாததால் ‘குனூ’ என்று நடுவில் ஓர் உகரம் நுழையும். அது பிழையல்ல, ‘நூ’ என்று ககரத்தையே விட்டுவிடுவதுதான் பிழை, ஏனென்றால் கேட்டவர் ‘புதிய’ என்ற ஆங்கிலச் சொல்லாக எடுத்துக்கொள்வார்.

ஆவணங்களை அச்சுக்கோக்கும் மென்பொருளான லாடெக்கின் கடைசி எழுத்து கிரேக்க ‘கை’ என்பதை, அதன் அடித்தளமான டெக்கை உருவாக்கிய டொனால்ட் க்னூத் விளக்கியிருக்கிறார். அது ‘எக்ஸ்’ அல்ல. அந்தக் கிரேக்க ஒலி, ‘மகன்’ என்று இயல்பாகச் சொல்லும்போது நடுவில் வரும் ககரத்தின் உரசலுக்குப் பக்கத்தில் வருவது. முன்னொட்டை ‘லா’ என்பதா ‘லே’ என்பதா என்பதை லாடெக்கை எழுதிய லெஸ்லி லாம்போர்ட் திறந்தே விட்டுவிட்டார்.

தொலைபேசியில் எழுத்துகளாகச் சொல்லியும் தவறாகத் தட்டச்சு செய்கிறார்கள். ஏன்?

ஆங்கில எழுத்துப் பெயர்களில் பெரும்பகுதி ஒரே ஒலியில் முடிகிறது. பி, சி, டி, ஈ, ஜி, பி, டி, வி எல்லாமே ‘ஈ’தான். வேறுபடுத்தும் மெய்யொலி ஒரு கணம் மட்டுமே நீடிக்கிறது. அதிலும் தமிழெழுத்தில் எழுதிக்கொண்டால் இரண்டு ‘பி’களுக்கும் இரண்டு ‘டி’களுக்கும் வேறுபாடே தெரியாது.

எஸ், எஃப் இரண்டும் குழம்புவதற்குக் காரணம் வேறு. பழைய தொலைபேசித் தடம் ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். இந்த இரண்டு எழுத்துகளையும் பிரித்துக்காட்டும் உரசலொலியின் பெரும்பகுதி அந்த எல்லைக்கு மேலே இருக்கிறது. எவ்வளவு கத்திச் சொன்னாலும் அது மறுமுனைக்குப் போய்ச் சேராது.

செய்ய வேண்டியது: ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல். ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என்று தொடங்கும் பன்னாட்டு எழுத்துச்சொல் பட்டியல் இதற்காகவே உள்ளது. எஸ்க்யூஎல் என்றால் ‘சியெரா, கெபெக், லீமா’. ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி எழுத்தை ‘ஸெட்’ என்றே சொல்லுங்கள். அமெரிக்க முறையில் ‘ஸீ’ என்றால் தமிழ்க்காதுக்கு அது மூன்றாம் எழுத்தான ‘சீ’ போலவே கேட்கும். சொல்லி முடித்ததும் மறுமுனையில் இருப்பவரைத் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள். ‘சரிதானே?’ என்று கேட்டால் ‘சரி’ என்றுதான் பதில் வரும், பிழை வெளியே வராது.

திரைவாசிப்பான் சுருக்கப்பெயரைத் தப்பாகப் படிக்கிறது. சரிசெய்ய முடியுமா?

முடியும். திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள்களில் ஒன்றான என்விடிஏவில் வழி இது: என்விடிஏ விசையோடு என் விசையை அழுத்தி மெனுவைத் திறக்கவும். பிரிஃபரன்சஸ், அதற்குள் ஸ்பீச் டிக்ஷனரீஸ், அதற்குள் டிஃபால்ட் டிக்ஷனரி. ‘ஆட்’ பொத்தானை அழுத்தினால் எழுத்து வடிவத்துக்கு ஒரு பெட்டி, அதற்குப் பதில் படிக்க வேண்டியதற்கு ஒரு பெட்டி வரும். எஸ்க்யூஎல்லை எழுத்துகளாகப் படிக்க வேண்டுமென்றால் இரண்டாம் பெட்டியில் மூன்று எழுத்துகளுக்கும் நடுவில் இடைவெளி விடவும்.

கீழே உள்ள ‘வகை’யில் ‘முழுச்சொல்’ என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். ‘எங்கும்’ என்ற வகையில் ரேமைச் சேர்த்து, பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாட்டையும் கவனிக்காமல் விட்டால், அந்த மூன்றெழுத்து எந்தச் சொல்லுக்குள் இருந்தாலும் மாற்றம் பாயும். புரோகிராம், ஃபிரேம், பாராமீட்டர் என்று நிரல்பக்கம் முழுக்கச் சிதையும். எனவே முழுச்சொல், எழுத்து வேறுபாட்டைக் கவனி என்ற இரண்டும் வேண்டும்.

இன்னொரு கவனம்: இரண்டாம் பெட்டியில் எழுதுவது அப்போது பேசும் குரலின் மொழியில் இருக்க வேண்டும். ஆங்கிலக் குரலுக்குத் தமிழெழுத்தில் எழுதிக்கொடுத்தால் பல குரல்கள் அதைத் தாண்டிப் போய்விடும்.

நீங்கள் பக்கத்தை உருவாக்குபவர் என்றால், எச்டிஎம்எல்லில் சுருக்கத்துக்கான குறியைப் போட்டு விரிவை எழுதினால் திரைவாசிப்பான் அதைப் படித்துவிடும் என்று நம்ப வேண்டாம். இயல்பான அமைப்பில் பெரும்பாலும் படிக்காது. முதல் முறை வரும் இடத்தில் விரிவை உரையிலேயே எழுதுவதுதான் எல்லோருக்கும் போய்ச் சேரும். கணினிக் குரலில் ஒலிப்பதிவு தயாரிப்பவர்கள் எஸ்எஸ்எம்எல் குறிமொழியின் ‘சப்’ குறியைப் பயன்படுத்தலாம். எழுத்து ஒன்று, படிப்பது வேறு என்று அதில் சொல்லிவிடலாம். எழுத்தெழுத்தாகப் படிக்கவைக்கும் ‘சே-ஆஸ்’ குறியும் உண்டு. அதன் மதிப்புகள் சேவைக்குச் சேவை மாறும் என்பதால் கையேட்டைப் பார்த்துக்கொள்ளவும்.

தானியங்கி வசனவரிகளில் ‘சீக்வல்’ என்றால் என்ன ஆகிறது?

பல வேளைகளில் ‘தொடர்ச்சி’ என்ற பொருள் கொண்ட ஆங்கிலச் சொல்லாக விழுந்துவிடும். கருவிக்கு அது பழகிய சொல். பாடக்காணொளி பதிவு செய்பவர்கள் எழுத்துகளாகச் சொன்னால் திருத்தும் வேலை குறையும். ஏற்கெனவே பதிவானதைத் திருத்தும்போது ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். உண்மையிலேயே தொடர்ச்சியைக் குறிக்க அந்தச் சொல் வந்திருக்கலாம்.

நேர்காணலில் எதைச் சொல்வது?

முதல் முறை உங்களுக்குப் பழகியதைச் சொல்லுங்கள். கேட்பவர் வேறு விதமாகச் சொன்னால் அடுத்த முறை அவர் வடிவத்துக்கு மாறிவிடலாம், அல்லது உங்களுடையதையே தொடரலாம். அவரைத் திருத்த மட்டும் போகாதீர்கள். நீங்கள் நேர்காணல் செய்பவர் என்றால் கடமை இன்னும் அதிகம். நிறையப் பேர் இந்தப் பெயர்களைப் படித்துத்தான் கற்றிருப்பார்கள், ஒருமுறையும் காதால் கேட்டிருக்க மாட்டார்கள். உச்சரிப்பை வைத்து ஒருவரின் திறமையை அளந்தால், தனியாக உட்கார்ந்து கற்றவரைத் தண்டிப்பதாகிவிடும்.

குழுவுக்குள் ஒரே உச்சரிப்பு வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாமா?

பேச்சில் வேண்டாம், எழுத்தில் கட்டாயம் வேண்டும். ஆவணங்களோடு ஒரு சொற்பட்டியல் கோப்பை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நான்கு விவரங்கள் போதும்: ஆங்கில எழுத்து வடிவம், தமிழில் எழுதும் வடிவம், ஐ உருபு சேர்த்த வடிவம், வேறு விதமாகக் கேட்டால் அடையாளம் காண மாற்று உச்சரிப்பு. எடுத்துக்காட்டாக: SQL, எஸ்க்யூஎல், எஸ்க்யூஎல்லை, மாற்று ‘சீக்வல்’. உருபு சேர்த்த வடிவத்தை விட்டுவிடாதீர்கள். எழுதுபவர்கள் தடுமாறுவது பெயரில் அல்ல, அதன் வாலில்தான். சர்வர், கோப்பு, தரவுத்தளம் ஆகியவற்றுக்குப் புதிதாகப் பெயர் வைக்கும்போது, வைப்பதற்கு முன் ஒருவர் வாய்விட்டுச் சொல்லி இன்னொருவர் பார்க்காமல் தட்டச்சு செய்து பார்க்கட்டும். முதல் முறையே சரியாக வராத பெயரை அப்போதே மாற்றிவிடுங்கள். பயன்பாட்டுக்கு வந்தபின் மாற்றுவது மிகக் கடினம்.